கடைசி ஆட்டத்தின் கணக்கு

நளனும் சூதாடினான்; தருமனும் சூதாடினான். இருவரும் நாடிழந்தனர், இருவரும் காடு புகுந்தனர். ஆயினும், இருவருடைய ஆட்டத்துக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அது தொடக்கத்தில் இல்லை, நடுவிலும் இல்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பொன்னும் மணியும், தேரும் பரியும், நாடும் நகரும் கைவிட்டுப் போன பின்னர், 'இனித் தமயந்தியைப் பணயமாக வைக்கலாமே' என்று புட்கரன் கேட்டான். நளன் மறுமொழி கூறவில்லை. அணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, உடுத்த ஓராடையோடு வெளியேறினான். அதே கட்டத்துக்கு வந்த தருமனோ தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், இறுதியில் பாஞ்சாலியையும் வைத்தான்.

பாரதக் கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் இவ்விரு காட்சிகளையும் அறத்தின் வழிநின்று விளக்குவர். அஃது முறையே. ஆனால் அறத்தோடு ஒரு கணக்கும் இவற்றுள் அடங்கிக் கிடக்கிறது. கடைசியாக மிஞ்சியிருக்கும் பொருளின் மதிப்பு, முதலில் தூக்கி வைத்த பொருளின் மதிப்பைவிடப் பெரிது என்பதே அக்கணக்கு. உள்ளுணர்வால் பலரும் அறிந்த இவ்வுண்மையை எண்ணால் அளந்து காட்டும் முறை வகுக்கப்பட்டுச் சற்றேறக் குறைய ஐம்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அம்முறை பெரிதும் வழங்குவது போக்கர் எனப்படும் சீட்டாட்டப் போட்டிகளில்.

சீட்டாட்டம் மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. லங்காட் ஆற்றங்கரையிலுள்ள டெங்கில் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டக் காடு. அங்கே பிராங் பெசார் தோட்டம் 1921இல், முதல் உலகப்போரில் பொருதுவந்த வெள்ளைக்காரப் படையினரால் திறக்கப்பட்டது. 'பெரும்போர்' என்பதே அப்பெயரின் பொருள். 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது அத்தோட்டமும் அதனை அடுத்த மூன்று தோட்டங்களும் மறைய, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நாட்டின் மற்றத் தோட்டங்களைப் போலவே இங்கும் சம்பள நாள் மாலை என்றால் லயத்து வாசலில் பாய் விரிவதும், மூன்று சீட்டு விழுவதும், சிலர் வெறுங்கையோடு வீடு திரும்புவதும் இருந்தன. இன்று பாய் இல்லை, லயமும் இல்லை. ஆட்டம் கைபேசிக்குள் புகுந்துவிட்டது. அங்கே இளைஞர் கண்ணில் படுவது மூன்று சீட்டு அன்று. 'சிறு நுழைவுக் கட்டணம், பெரும் பரிசு' என்று அழைக்கும் போக்கர் போட்டி.

1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட மனைகள் சட்டம் உரிமமில்லாத சூதாட்ட இடங்களை இந்நாட்டில் தடுக்கிறது. உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட மாளிகை 1971இல் விடுதி திறக்கப்பெற்ற கெந்திங் மலையில் உள்ளது. சட்டத்தின் நிலை இதுவாயினும், ஆட்டத்தைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. 'கடைசி மேசை வரை போனான். அங்கே எல்லாவற்றையும் வைத்து இழந்தான்' என்று ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே நடந்தது அதிர்ஷ்டக் குறைவா, அறிவுக் குறைவா என்பதை அறிய ஆட்டத்தின் அமைப்பை ஓரளவு தெரிந்திருத்தல் வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கரில் பல வகை உண்டு. போட்டிகளில் பெருவழக்காக ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம் என்பது. 52 சீட்டுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசைமேல் திறந்து வைக்கப்படும். ஏழனுள் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்வது ஆட்டம். சீட்டுகள் திறக்கத் திறக்கப் பந்தயம் ஏறும். ஈடுகட்ட விரும்பாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகலாம். கையிருப்பு முழுவதையும் ஒரே பந்தயமாக வைப்பதும் உண்டு. அதனை முழுவைப்பு என்று கொள்வோர்க்கு இக்கட்டுரை எளிதில் விளங்கும். எவரும் வேண்டுமென்றே காத்துக்கொண்டிருக்காதபடி, முறை வைத்து இருவர் ஒவ்வொரு சுற்றிலும் சீட்டைப் பாராமலே ஒரு தொகை வைத்தாக வேண்டும். ஒருவர் வைப்பது சிறிய கட்டாயப் பந்தயம், மற்றவர் வைப்பது பெரிய கட்டாயப் பந்தயம்.

இதுவரை சொன்னது எல்லா ஆட்டத்துக்கும் பொது. போட்டி என்று வரும்போது இரண்டு மாற்றங்கள் சேருகின்றன. ஒன்று, கட்டாயப் பந்தயம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். மற்றொன்று, கையில் இருக்கும் சில்லுகளைப் பணமாக மாற்ற முடியாது. சாதாரணச் சூதில் சில்லு என்பது வெள்ளியின் வேறு வடிவம். வேண்டியபோது எழுந்து மாற்றிக்கொண்டு வீடு போகலாம். போட்டியில் எல்லாரும் ஒரே கட்டணம் கட்டி, ஒரே அளவு சில்லுகள் பெற்று அமர்கின்றனர். சில்லுகளை முற்றும் இழந்தவர் வெளியேறுகிறார். பரிசு கடைசி வரை நின்றவர்களுக்கு, நின்ற வரிசைப்படி. நளனைப் போல் எழுந்துவிடுதல் இங்கே இயலாது. கவிழ்க்கத்தான் முடியும்.

இப்படிப் போட்டியாக நடத்தும் வழக்கமும் பழமையானதன்று. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பென்னி பினியன் என்பவர் 1970இல் தொடங்கிய 'உலகப் போக்கர் தொடர்' இதற்கு வழிகாட்டி. வேடிக்கை யாதெனின், அம்முதலாண்டில் வெற்றியாளர் ஆட்டத்தால் முடிவாகவில்லை. ஆடியவர்கள் வாக்களித்து ஜானி மாஸைத் தேர்ந்தனர். இழந்தவர் வெளியேற, கடைசி ஒருவர் வெல்லும் முறை 1971இல்தான் வந்தது.

சில்லு வேறு, வெள்ளி வேறு

பத்துப் பேர் ஆளுக்கு 100 வெள்ளி கட்டி ஆடுகின்றனர் என்று வைத்துக்கொள்க. பரிசு முதலாமவருக்கு 500, இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 200. ஏழு பேர் வெளியேறிவிட்டனர். மேசையிலுள்ள 10,000 சில்லுகளில் முருகனிடம் 5,000, வேலனிடம் 3,000, கந்தனிடம் 2,000. இந்த நொடியில் ஆட்டம் நின்றுபோனால் யாருக்கு எவ்வளவு உரியது?

'பாதிச் சில்லு முருகனிடம் இருக்கிறது. பாதிப் பணம், அதாவது 500 வெள்ளி அவனுக்கு' என்பது பலர் வாயிலும் வரும் விடை. அது தவறு. 500 வெள்ளி என்பது முதற்பரிசு முழுவதும். முருகனோ இன்னும் முதற்பரிசை வெல்லவில்லை. அவனும் மூன்றாமிடத்துக்குச் சரியக்கூடும். இந்தத் தவறான வழியை இன்னும் சிறிது நீட்டினால் அதன் பொருந்தாமை புலப்படும். ஒருவரிடம் பத்தில் எட்டுப் பங்குச் சில்லு இருந்தால், அவருக்கு 800 வெள்ளி கொடுக்க வேண்டிவரும். போட்டியில் வென்றாலே 500தானே!

சரியான வழிக்கு அடிப்படை ஒரு குதிரைப் பந்தயக் கணக்கு. பலர் கலந்துகொள்ளும் போட்டியில் ஒவ்வொருவரும் முதலில் வருவதற்கான வாய்ப்புத் தெரிந்தால், இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வருவதற்கான வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்பதை 1973இல் டேவிட் ஹார்வில் என்னும் புள்ளியியலார் எழுதினார். மேசன் மால்முத் 1987இல் அதனைப் போக்கருக்குப் பொருத்தினார். முதலில் வரும் வாய்ப்புச் சில்லின் விகிதப்படி என்று கொள்வது முதற்படி: முருகனுக்கு நூற்றுக்கு 50, வேலனுக்கு 30, கந்தனுக்கு 20. அடுத்து, ஒருவர் முதலிடம் பெற்றதாகக் கொண்டு அவரை நீக்கிவிட்டு, எஞ்சிய இருவரும் தம் சில்லு விகிதப்படி இரண்டாமிடத்துக்கு மோதுவதாகக் கணிக்க வேண்டும். வேலன் வென்றால் முருகனுக்கும் கந்தனுக்கும் 5க்கு 2. கந்தன் வென்றால் முருகனுக்கும் வேலனுக்கும் 5க்கு 3. இப்படிக் கூட்டினால் முருகன் இரண்டாமிடம் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 34, மூன்றாமிடம் 16.

இவற்றைப் பரிசோடு பெருக்கிக் கூட்டினால் வரும் மதிப்பு: முருகனுக்கு 384 வெள்ளி, வேலனுக்கு 327 வெள்ளி 50 காசு, கந்தனுக்கு 288 வெள்ளி 50 காசுக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்கே சில்லு வைத்திருக்கும் கந்தனின் இருக்கை 200 வெள்ளி அன்று, 288 வெள்ளி பெறுமானம் உடையது. பாதி வைத்திருக்கும் முருகனின் இருக்கை 500 பெறாது. சில்லு பெருகப் பெருக ஒவ்வொரு சில்லின் மதிப்பும் இறங்குகிறது. குறையக் குறைய ஏறுகிறது. வெல்லும் சில்லைவிட இழக்கும் சில்லே விலை மிக்கது என்பது இதனின்று பிறக்கும் முடிபு. கடைசிக் கட்ட ஆட்டத்தின் நுட்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு முடிபின் கிளைகளே.

வள்ளுவர் பொருட்பாலில் சூது என்னும் அதிகாரத்தை 94ஆவதாக வைத்தார். கள்ளுண்ணாமை அதற்கு முன், மருந்து அதற்குப் பின்! அவ்வதிகாரத்தில் சூதர்க்கு வருவது ஒன்றாகவும் போவது நூறாகவும் இருக்கும் நிலையைச் சொல்கிறார். வென்ற பொருளை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு நிகராக்குகிறார். அவர் சொன்னது வாழ்க்கைக் கணக்கு. ஆனால் வரவையும் இழப்பையும் ஒரே படியால் அளக்கலாகாது என்ற பார்வை இரண்டிடத்தும் ஒன்று. ஆட்டத்தின் இலக்கணம் அறியாதவரும் அல்லர் அவர். அரங்கு இழைக்காமல் வட்டாடுவதைக் கல்லாதவன் அவையில் பேசுவதற்கு உவமையாக்கியவர். சூதாடும் இடத்துக்கு அவர் ஆளும் சொல் 'கழகம்' என்பதையும், அதே சொல் பிற்காலத்தில் அடைந்த உயர்வையும் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

நீர்க்குமிழியின் விளிம்பில்

பரிசு மூன்று பேருக்கு. மேசையில் இருப்பவர் நால்வர். அடுத்து வெளியேறுபவர் வெறுங்கையோடு போவார். ஆட்டக்காரர் இக்கட்டத்தை நீர்க்குமிழி என்பர். எந்நொடியும் உடையும் என்பதால். மனித மனத்தின் நிலை இங்கே தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை.

நால்வரிடமும் ஆளுக்கு 2,500 சில்லுகள் சமமாக இருப்பதாகக் கொள்க. எனவே, ஒவ்வொருவர் இருக்கைக்கும் 250 வெள்ளி மதிப்பு. இருவர் மோதி, முழுவைப்பாக வைத்து, ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். அவரிடம் இப்போது 5,000 சில்லு. மேற்கண்ட முறைப்படி அதன் மதிப்பு 383 வெள்ளி. சில்லு இரட்டித்தது, பணம் இரட்டிக்கவில்லை. தோற்றவருக்கோ 250ம் போயிற்று. அப்படியானால் 133 வெள்ளி கூடுதலாகப் பெற 250 வெள்ளியை வைத்து ஆடியிருக்கிறார்கள். இது நட்டமில்லாமல் முடிய வேண்டுமானால் நூற்றுக்கு 65க்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தாக வேண்டும்.

65 என்பது எவ்வளவு கடினம்? ஒருவர் கையில் ராணி ஜோடி. எதிராளி தம் சீட்டைத் தவறித் திறந்துவிட்டார். ஆஸும் ராஜாவும் வேறு வேறு இனத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ராணி ஜோடி முந்தியே இருக்கிறது. வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 57 அளவு. பணம் வைத்து ஆடும் சாதாரண ஆட்டத்தில் மகிழ்ச்சியோடு ஈடுகட்ட வேண்டிய இடம் இது. நீர்க்குமிழியின் விளிம்பிலோ, தான் முந்தியிருப்பதைக் கண்ணாரக் கண்டும், கவிழ்ப்பதே கணக்கறிந்தவன் செயல். வலிமையான சீட்டைக் கவிழ்க்க மனம் வராமையே கடைசி மேசையில் பலரை வீழ்த்துகிறது.

மோதிய இருவரின் மதிப்பு சராசரியாக ஆளுக்கு 58 வெள்ளி குறைந்தது. அந்தப் பணம் எங்கே போயிற்று? சீட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரிடம்! அவர்கள் இருக்கை ஒவ்வொன்றும் 250இலிருந்து 308க்கு ஏறிவிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழி எண்ணோடு மெய்யாவது இவ்விடத்தில்தான்.

இதனால் இடத்துக்கு இடம் ஆட்டம் மாறுகிறது. மிகப் பெரிய குவியல் வைத்திருப்பவர் தம்மை எவரும் ஒரே மோதலில் வெளியேற்ற இயலாது என்பதை அறிந்து அடிக்கடி பந்தயம் ஏற்றி மிரட்டலாம். எதிராளிக்கு 65 வேண்டும், அவர் கவிழ்ப்பார். மிகச் சிறிய குவியல்காரர் இழப்பதற்கு அதிகம் இல்லாதவர். உண்மையில் இக்கட்டில் இருப்பவர் நடுவிலுள்ளவர். நால்வரிடம் முறையே 4,000, 3,500, 2,300, 200 என்று சில்லு இருக்கும்போது, 3,500 உடையவர் 4,000 உடையவரோடு முழுவைப்பில் இறங்குவது, மூச்சு நிற்கும் தறுவாயில் உள்ள 200காரருக்கு முன்னால் தாம் வெளியேற வழிதேடுவதாகும். இரண்டு சுற்றுப் பொறுத்தால் கையில் விழக்கூடிய பரிசை அவசரத்தால் உதறுவது அது. ஆனாலும் நாள்தோறும் இது நடக்கிறது.

பொறுத்தால் தேய்வான்

இவ்வளவும் படித்தவர், 'அப்படியானால் பொறுமையே வழி. கவிழ்த்துக்கொண்டே இருந்தால் போதும்' என்று முடிவு செய்தல் கூடும். அங்கேதான் கட்டாயப் பந்தயம் குறுக்கிடுகிறது. அது ஏறிக்கொண்டே இருப்பதால், சும்மா இருப்பவன் குவியல் கரைகிறது. ஆஸ் ஜோடி வருமென்று காத்திருப்பதில் பொருளில்லை. அது சராசரியாக 221 முறைக்கு ஒருமுறையே வரும். அதற்குள் குவியல் ஏது?

கையிருப்புப் பெரிய கட்டாயப் பந்தயத்தைப்போல் பத்து மடங்கு அளவுக்குக் குறைந்தபின், சிறு பந்தயம் வைத்து வேவு பார்க்கும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. முழுவைப்பு, அல்லது கவிழ்ப்பு, இடைப்பட்டது இல்லை. இங்கே இன்னொரு நுட்பம் வேலை செய்கிறது. முந்தி வைப்பவருக்கு வெல்ல இரண்டு வழி: மற்றவர் கவிழ்த்துவிடலாம், கவிழ்க்காவிட்டாலும் சீட்டு வெல்லலாம். ஈடுகட்டுபவருக்கு இரண்டாம் வழி மட்டுமே. ஆகவே முந்தி வைப்பதற்குப் போதுமான சீட்டு, ஈடுகட்டுவதற்குப் போதாது. அமெரிக்க ஆட்ட நூலாசிரியர் டேவிட் ஸ்க்ளான்ஸ்கி இதனை 'இடைவெளி' என்று பெயரிட்டு விளக்கினார்.

எண்ணால் காட்டினால் ஐயம் அகலும். கட்டாயப் பந்தயங்கள் 100, 200. ஒருவரிடம் 2,000 சில்லு. எளிய சீட்டோடு அவர் முழுவைப்பாக வைக்கிறார். பத்துக்கு ஆறு முறை எல்லாரும் கவிழ்க்கின்றனர். ஒவ்வொரு முறையும் 300 ஆதாயம், ஆக 1,800. நான்கு முறை பெரிய கட்டாயப் பந்தயக்காரர் ஈடுகட்டுகிறார். மேசையில் 4,100 சேர்கிறது. நம்மவர் சீட்டு தாழ்ந்தது, நூற்றுக்கு 40தான் வெல்லும். அவருக்குரிய பங்கு சராசரி 1,640. ஆகவே முறைக்கு 360 நட்டம், நான்கு முறைக்கு 1,440. பத்து முறையும் சேர்த்து 360 சில்லு மிச்சம். ஈடுகட்டப்பட்ட போதெல்லாம் தாழ்ந்த சீட்டாகவே இருந்தும், மொத்தத்தில் ஆதாயம்! துணிவு என்று பார்ப்போர் சொல்வது இங்கே வெறும் கூட்டல் கழித்தலாக இருக்கிறது. எனினும் அந்த ஆறு குறைந்து நான்கு ஆனால், அதாவது எதிராளிகள் எளிதில் கவிழ்க்காதவர்களானால், கணக்குத் தலைகீழாகும். எதிரில் இருப்பவர் யார் என்று அறியாமல் மனப்பாடமாக ஆடுபவன் இங்கே அகப்படுவான்.

எதிராளி எவ்வளவு அறிவுடையவராயினும் நட்டப்படாத ஆட்டமுறை ஒன்று உண்டா என்பது கணித அறிஞர்களின் கேள்வி. ஜான் வான் நியூமன் 1944இல் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொய்யாக மிரட்டுவதும் முறையான ஆட்டத்தின் உறுப்பே என்று நிறுவினார். ஜான் நாஷ் 1950இல் மூவர் ஆடும் எளிய போக்கரை ஆய்ந்தார். இன்று முழுவைப்பா கவிழ்ப்பா என்ற கடைசிக் கட்டத்துக்கு அவர் பெயரால் அட்டவணைகளே வழங்குகின்றன. 2019இல் புளூரிபஸ் என்னும் கணினி நிரல் அறுவர் ஆடும் ஆட்டத்தில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. கைபேசித் திரையின் மறுபுறம் இருப்பது மனிதனா, நிரலா என்று ஆடுபவனுக்கு எப்படித் தெரியும்?

பங்கு பிரித்தல்

கடைசி மூவரோ நால்வரோ ஆட்டத்தை நிறுத்தி, பரிசைப் பங்கிட்டுக்கொள்ள உடன்படுவது உண்டு. இந்தச் சிக்கல் மிகப் பழையது. 1494இல் இத்தாலியக் கணிதர் லூக்கா பச்சோலி, இடையில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை அதுவரை வென்ற எண்ணிக்கைப்படி பிரிக்கச் சொன்னார். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி இதனைத் தீர்த்தனர். மும்முறை முதலில் வெல்பவருக்குப் பணயம். ஆளுக்கு 32 பொற்காசு. ஒருவர் இருமுறை, மற்றவர் ஒருமுறை வென்ற நிலையில் ஆட்டம் நிற்கிறது. பச்சோலி வழிப்படி 2க்கு 1. பாஸ்கல் பின்னோக்கிப் பார்க்கவில்லை, முன்னோக்கினார்: அடுத்த ஆட்டம் நடந்தால் முந்தியவர் 64ம் பெறுவார், அல்லது சமமாகி 32 பெறுவார், எப்படியும் 32 அவருடையது, எஞ்சிய 32இல் பாதி. ஆக 48க்கு 16. நிகழ்தகவுக் கணிதம் பிறந்த இடம் என்று போற்றப்படுவது இக்கடிதங்களே. சில்லு விகிதப்படி பரிசைப் பிரிப்பவர்கள் இன்றும் பச்சோலியின் காலத்தில்தான் இருக்கிறார்கள்.

திறமையா, அதிர்ஷ்டமா என்னும் வழக்கு நீதிமன்றங்களுக்கும் போயிற்று. ரம்மி, மூன்று சீட்டைப்போல் முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தால் ஆவதன்று என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 2022இல் இயற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. பின்னர் 2025இல் இந்திய ஒன்றிய அரசின் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது. ஒரு சுற்றில் அதிர்ஷ்டம், ஓராயிரம் சுற்றில் திறமை என்று சுருக்கிச் சொல்லலாம். தொல்லை என்னவெனில், கடைசி மேசையில் ஒருவனுக்குக் கிடைப்பது ஓராயிரம் சுற்று அன்று, பத்தோ இருபதோ.

இளைஞர் கேட்டிருக்கும் கதைகள் இதனை மறைத்துவிடுகின்றன. 1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர் எல்லாம் இழந்ததாக எழுந்தபோது ஒரே ஒரு சில்லு மீந்திருக்கக் கண்டு, அதைக்கொண்டே உலகப் போக்கர் தொடரை வென்றார் என்பர். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், இணையத்தில் சிறு கட்டணம் கட்டி இடம்பிடித்து, 839 பேரில் முதல்வராகி 25 லட்சம் டாலர் பெற்றார். அவர் பெயரே 'பணம் பண்ணுபவர்' என்றிருந்தது கதைக்கு இன்னும் வாய்ப்பாயிற்று! மூன்றே ஆண்டில், 2006இல், போட்டியாளர் 8,773 ஆயினர். பரிசு பெற்றவர் 873 பேர். மீதி 7,900 பேர் ஆளுக்கு 10,000 டாலர் மதிப்புள்ள இருக்கையை விட்டு ஒன்றுமின்றி எழுந்தனர். அவர்களைப் பற்றிக் கதை கிடையாது. மேற்கண்ட கணக்குகளில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது: நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு. 1,000 வெள்ளி வசூலானால் 1,000மும் பரிசாகும் என்று கொண்டது விளக்கத்தின் எளிமைக்காகவே; வழக்கத்தில் நுழைவுக் கட்டணத்தோடு நடத்துபவர் கூலியும் பிடிக்கப்படும். எல்லாரும் சம அறிவினராயின், கூலியின் அளவுக்கு எல்லாருக்கும் நட்டமே. கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு வரும்போது, பகடையையும் நாணயத்தையும் விட இந்த நால்வர் மேசையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால், டெங்கில் பையன் ஒருவனுக்குக் கைபேசி விளம்பரம் வேறுவிதமாகத் தெரியக்கூடும்.

கடைசி இருவர் எஞ்சும்போது கணக்கில் ஒரு மாற்றம் வருகிறது. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதியாகிவிட்டது; முதற்பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பணயம். இப்போது சில்லும் வெள்ளியும் மீண்டும் நேர்விகிதத்தில் நிற்கும். 65 வேண்டும் என்ற கட்டுப்பாடு அற்றுப்போய், பாதிக்கு மேல் வாய்ப்பிருந்தால் துணியலாம் என்றாகும். பார்த்துக்கொண்டிருந்து பயன்பெற மூன்றாமவர் இல்லை. கணக்கு அறிவும் எதிராளியை அறியும் அறிவுமே எஞ்சுகின்றன.

நளன் கதையும் இருவரோடுதான் முடிகிறது. வியாச பாரதத்தில், தேரில் போகும் வழியில் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைக் கண்டு, அதன் இரு கிளைகளில் ஐந்து கோடி இலையும் 2,095 கனியும் உண்டு என்கிறான். நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, சரியெனக் கண்டு, அந்த எண்ணறிவையும் கவற்றின் உள்ளறிவையும் தன் குதிரை அறிவுக்கு மாற்றாகப் பெறுகிறான். பண்டைக் காலத்தில் கவறாக உருட்டப்பட்டது தான்றிக் கொட்டையே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் கலைக்கு இக்கதையை ஒரு பழஞ்சான்றாக இயான் ஹேக்கிங் 1975இல் தம் நிகழ்தகவு வரலாற்று நூலில் எடுத்துக்காட்டினார். அவ்வறிவோடு திரும்பிய நளன் புட்கரனை மீண்டும் ஆட அழைத்தான். முன்பு வைக்க மறுத்த தமயந்தியையே இப்போது பணயமாகக் கூறினான் என்பது அறநூலார்க்கு இடர்ப்பாடான இடம்; ஆனால் அன்று அவன் அறியாதவன், இன்று அறிந்தவன். ஒரே ஆட்டம். நளன் வென்றான். தோற்ற புட்கரனைக் கொல்லவில்லை. ஒரு திங்கள் தன்னோடு தங்கவைத்து, அவனுக்குரிய பங்கையும் கொடுத்து, அவன் ஊருக்கு அனுப்பிவைத்தான்.